குருவுக்குப் பக்கத்தில் வந்த வால்வெள்ளி

கறுத்த வானத்தில் பச்சையாக ஒரு உருண்டை, அதன் தலையில் இரண்டு கொம்பு. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிற என் மனைவி போனில் அனுப்பிய படம் அது. படத்தோடு அவள் குரலும் வந்தது.

"இங்க பாருங்க, இது பிசாசு வால்வெள்ளியாம். இங்க உள்ள பொம்பளைங்க எல்லாம் இதத்தான் பேசிக்கிறாங்க. சித்திரையில சூரியனுக்குக் கிட்ட வருதாம். புள்ளைய பொழுது சாஞ்சா வெளிய விடாதீங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க, சிரிப்பா. நீங்களே சொல்ற மாதிரி சொல்லுங்க."

தேயிலைப் பெக்டரியில் வேலை முடிந்து, வாசலில் நின்றுகொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கொம்பு என்றால் சும்மா இல்லை, எருமைக்கு இருக்கிற மாதிரி வளைந்து இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பங்குனியில் அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. இதற்கு முன்னால் ஒன்று தங்கி, ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள், பலாங்கொடையிலிருந்து தோட்டம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், ஒரு சின்னப் போர்வை. மாரியம்மனிடம் அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பேரன் வேண்டும் பேத்தி வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மாதிரி இன்னொரு பஸ் பயணம் வேண்டாம் தாயே என்றுதான் கேட்டேன்.

பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது வழக்கம். இவளும் வந்துவிட்டாள். ஆனால் தாய் வீட்டில் தாய் இல்லை. அவளுடைய வெளிநாட்டு ஒப்பந்தம் ஆடி மாதம்தான் முடியும். மருமகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை, வருஷப்பிறப்புக்குத்தான் லீவு. ஆக, கஷாயம் வைப்பதும் நான், காலுக்கு வெந்நீர் வைப்பதும் நான். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் என்னைப் பார்த்து, "என்ன மாமா, நீங்களே தொட்டிலும் கட்டிருவீங்க போல" என்று கேலி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சாமி விளக்கைப் பார்ப்பேன், எரிகிறதா என்று.

கிரகணம் என்றால் எனக்குப் பயமில்லை. பிடிக்கிற நேரமும் விடுகிற நேரமும் கலண்டரில் போட்டிருக்கும். கர்ப்பிணிப் பெண்ணை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவேண்டும், கத்தி அரிவாள் தொடவிடக்கூடாது, விட்டதும் தலைக்குக் குளிக்கவேண்டும். முடிந்தது. இந்த வால்வெள்ளிக்கு என்ன செய்கிறது? கலண்டரை மேலும் கீழும் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. பிறக்கப்போகிற வருஷத்தின் பெயர்தான் இருந்தது. குரோதி. அதையும் அன்றைக்குத்தான் பார்த்துத் தொலைத்தேன்.

அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் நெருங்கிவிட்டது. திருவிழாவுக்குக் கைக்காப்புக் கயிறு தயார்பண்ணுவது என் பொறுப்பு. வெள்ளை நூலைத் திரித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்து, எங்கள் வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில், கொடி கட்டிக் காயப்போடுவேன். எங்கள் ஆட்களுக்குக் காப்பு விளையாட்டுக் காரியம் இல்லை. அது கையில் ஏறினால் திருவிழா முடிந்து கோயிலில் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. சாவு வீடு, பிள்ளை பெற்ற வீடு போகக்கூடாது. தீட்டு.

அன்று பின்னேரம் மகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து காய்ந்த கயிறுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் மனைவி சொன்ன மாதிரியே, நானாகச் சொல்வதுபோல் சொன்னேன்.

"பொழுது சாஞ்சா வெளிய போவாத தாயி. பனி ஆகாது."

"பங்குனி வெயில்ல என்னப்பா பனி? அம்மா கொம்பு படம் அனுப்பிட்டாங்களா?"

நான் கொடியில் கிடந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டதா என்று.

"எனக்கும்தான் அனுப்பினாங்க. 'ஒங்கப்பா பயந்துருவாரு, அவர்கிட்ட காட்டாத'ன்னு வேற சொன்னாங்க."

சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள், எனக்கு அதுவும் பயமாக இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, "இங்க வந்து உக்காருங்கப்பா" என்றாள். சுவரில் மாட்டுகிற ஆணி இரண்டை எடுத்து ஒரு பழைய பலகையில் சற்றுத் தள்ளித் தள்ளி அடித்தாள். மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் முடிந்து, வளையம் மாதிரி ஆக்கி ஆணிகளைச் சுற்றிப் போட்டாள்.

"ஐயோ, சாமிக் கயிறு புள்ள!"

"சாமி ஒன்னும் சொல்லாது. பாருங்க."

வெண்கட்டியை வளையத்துக்குள் வைத்துக் கயிறு இழுபடுகிற வரைக்கும் இழுத்து, அப்படியே சுற்றிக் கோடு போட்டாள். கோழி முட்டையை இன்னும் நீட்டி இழுத்த மாதிரி ஒரு கோடு பலகையில் வந்தது.

"இதுதான் அதோட பாதை. இந்த ஆணி சூரியன்."

"அந்த ஆணி?"

"அதுல ஒன்னுமில்லப்பா. வெறும் எடம்."

சூரியன் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தைச் சுற்றி இவ்வளவு தூரம் போய் வருகிறதா என்று கேட்டேன். போய் வருகிறது என்றாள். எழுபத்தொரு வருஷத்துக்கு ஒரு தடவை. தூரத்தில் இருக்கும்போது மெதுவாக நடக்கும், சூரியன் பக்கம் வரவர ஓடும். அது ஒரு பெரிய அழுக்குப் பனிக்கட்டி. சூடு பட்டு அங்கங்கே வெடித்துப் புகை தள்ளியதுதான் கொம்பு மாதிரித் தெரிந்தது. இப்போது அந்தக் கொம்பும் இல்லையாம். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப் பக்கம்தான் நிற்குமாம்.

"வரும்போது வால் பின்னால. சூரியன சுத்திட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னால, தலை சூரியன் பக்கம்."

"அப்ப பின்பக்கமா நடந்து போகுதா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

மூலஸ்தானத்தில் கும்பிட்டுவிட்டு அம்மனுக்கு முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்து வெளியே வருவோமே, அந்த மாதிரி. எனக்கு மனதுக்குள் கொஞ்சம் இளகியது. ஆனால் அடுத்தது ஒன்று சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் காட்டப் போறேன். டவுன் ஸ்கூல் டீச்சர்கிட்ட தூரக் கண்ணாடி கேட்டிருக்கேன்."

"நீ பாக்கப்போறியா?"

"பாக்காம எப்படி காட்டுறது?"

நான் எழுந்து நின்று சத்தம் போட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி அதைப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். அவள் சத்தம் போடவில்லை. "போன தடவை நான் எதையுமே பாக்கலியேப்பா" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கயிறுகளை மடிக்க ஆரம்பித்தாள்.

ஆணியில் மாட்டிய கயிற்றை மற்றக் கயிறுகளோடு சேர்க்க மனம் வரவில்லை. வீசவும் முடியாது, மஞ்சளில் நனைத்தது. அதைத் தனியாக எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி என்னைவிட மூத்தவர். மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டுப் பின்னேரத்தில் பூசை செய்கிறவர்.

"அண்ணே, எனக்கு இப்பவே காப்பு கட்டிவிடுங்க. புள்ளைக்காக."

"நாளைக்குத்தான் எல்லாருக்கும் கட்டுறோமே தம்பி. என்ன அவசரம்?"

வால்வெள்ளியைச் சொன்னேன். அவருடைய போனிலும் அந்தப் படம் இருந்தது. வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"கட்டிவிடுவேன். ஆனா வீட்டுல புள்ள மாசமா இருக்கே. தீட்டு விழுந்தா என்ன செய்வ?"

"வைகாசி கடைசியிலதான்னு டொக்டர் சொல்லியிருக்காரு. திருவிழா அதுக்கு ரொம்ப முன்னாலயே முடிஞ்சிரும்."

"அப்ப சரி" என்று அந்தக் கயிற்றிலேயே ஒரு துண்டு மஞ்சள் வைத்து என் வலது கையில் கட்டினார். கட்டும்போது நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாளில் வானம் வெளித்தது. சித்திரை நெருங்கினால் எங்கள் பக்கம் தினமும் பின்னேரம் இடியும் மழையும்தான். அன்றைக்கு மழை நேரத்தோடு பெய்து முடிந்துவிட்டது. கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசலில் நின்றால் மேற்குப் பக்கம் ஒரு மரம் மறைக்காது. பிள்ளைகள் எல்லாம் அங்கே கூடிவிட்டார்கள். தாய்மாரும் வந்தார்கள், கைக்குழந்தைகளை முந்தானையால் மூடிக்கொண்டு. மகள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் குடையை விரித்து அவளுக்கும் மேற்குக்கும் நடுவில் பிடித்தேன்.

"அப்பா, மழை விட்டுருச்சு."

"தெரியும்."

"டீச்சரோட அப்பா வால்வெள்ளிக்குக் குடை புடிக்கிறாரு!" என்று ஒரு பொடிசு கத்த, மடுவமே சிரித்தது. அவளும் சிரித்து, என் கையைப் பிடித்துக் குடையைப் பக்கத்தில் தள்ளினாள்.

மேற்கில் பளிச்சென்று ஒரு வெள்ளி தெரிந்தது. அதுதான் வியாழன் என்றாள் மகள். நாம் குரு என்கிறோமே, அது. வால்வெள்ளி அதற்குக் கொஞ்சம் வலப் பக்கம், கீழே. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்பா, நீங்க பாருங்க" என்று கண்ணாடியை நீட்டினாள். கண்ணாடிக்குள் வானமே ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கொம்பு இல்லை. பச்சை இல்லை. நெற்றியில் விபூதி வைத்து, வேர்வையில் பாதி கலைந்தால் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பொட்டுச் சாம்பல். அவ்வளவுதான். இதற்காகவா நான் தூங்காமல் கிடந்தேன்? அதுவும் குருவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். கும்பிட்டுக்கொண்டேன். குருவைத்தான் கும்பிட்டேனா, பக்கத்தில் நின்றதையும் சேர்த்தா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த நிம்மதி வருஷப்பிறப்பு வரைக்கும்தான் இருந்தது.

வருஷம் பிறக்கிற அன்று மத்தியானம். திருவிழா நடந்துகொண்டிருக்கிறது, கோயிலில் தப்பு அடிக்கிற சத்தம் வீட்டுக்குக் கேட்கிறது. நான் வருஷப்பிறப்புக்குத் தலையில் தேய்க்கிற மருந்து நீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மகள் அறையிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா" என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையில் தண்ணீர்.

"இன்னும் நாள் இருக்கே தாயி."

"அதுக்குத் தெரியாதேப்பா. வண்டி கூப்பிடுங்க."

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். அந்தப் பேச்சுத்தான் என் காதில் தப்புச் சத்தத்தோடு சேர்ந்து அடித்தது. பார்த்துவிட்டாளே, பார்க்கவிட்டேனே என்றும் அடித்தது. மருமகனுக்குப் போன் பண்ணினேன். அவர் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார், மேலே வர பஸ் இல்லை. வருஷப்பிறப்பு நேரம் ஒன்றும் ஓடாது. தோட்டத்து லொறியைக் கேட்டால் டிரைவர் ஊருக்குப் போய்விட்டார்.

கீழே சிங்களக் கிராமத்தில் எங்களுக்குப் பழக்கமான ஒரு திரீவீல்காரர் இருக்கிறார். மகளை டவுனுக்குக் கிளினிக் கூட்டிப்போகிறவர் அவர்தான். அவரும் வருவாரோ மாட்டாரோ. அது நொனகதெ நேரம். பழைய வருஷத்துக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் வருகிற அந்த நேரத்தில் அவர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள், ஒரு வேலையும் தொடங்கமாட்டார்கள், பன்சலைக்கு, அவர்களுடைய புத்தர் கோயிலுக்கு, போய்க் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். போனில் எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "துவ, துவ" என்று மகளைச் சொல்லி அழுதேன். அந்தப் பக்கம் அவருடைய அம்மா ஏதோ கத்துவது கேட்டது. பிறகு வண்டி ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தியைக் கூட அனுப்பலாம் என்று பார்த்தால், வீட்டுக்கு வீடு காப்பு. ஒருத்தியும் எல்லை தாண்டமுடியாது. காப்பில்லாத கிழவிகள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களைப் பிடிக்கவே இன்னொரு ஆள் வேண்டும். வண்டி வந்தது. மகளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, எதையும் யோசிக்காமல் நானும் பக்கத்தில் ஏறிவிட்டேன்.

எங்கள் தோட்டத்துக்கு எல்லை ஒரு இரும்புப் பாலம். இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் நாடு. பாலத்து முனையில் மரத்தடியில் முனியாண்டி கல் இருக்கிறது. காப்புக் கட்டின ஆட்கள் அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பாலம் தெரிந்ததும் என் கை தன்னால் போய் டிரைவரின் தோளைத் தட்டியது.

"நிப்பாட்டு தம்பி."

வண்டி நின்றது. "மொகத மாமே?" என்று திரும்பினார், என்ன மாமா என்று.

நான் கையைக் காட்டினேன். மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. எங்களோடு வளர்ந்தவர்தானே. "மாமே, நானும் நொனகதெயில வண்டி எடுத்துட்டேன்" என்றார் அவருடைய தமிழில். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அடி விழும்."

இறங்கி, கயிற்றைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுப் போகலாமா? நானாக அவிழ்த்தால் அது கோயிலில் அவிழ்த்த மாதிரி ஆகாது. கட்டியது எதற்காக? இவளுக்காக. அதை அவிழ்த்துவிட்டு இவளோடு போனால் இவளுக்கு என்ன காவல்? அவிழ்க்காமல் போனால் எல்லை தாண்டின குற்றம். குட்டியைத் தேடுகிற பெட்டை நாய் மாதிரி என் நெஞ்சு அங்கும் இங்கும் ஓடியது.

"அப்பா" என்றாள் மகள். நெற்றியெல்லாம் வேர்வை. "முனியாண்டிகிட்ட பேசுறத வரும்போது பேசலாம்."

"அதுக்கில்ல தாயி, காப்பு…"

"கயிறு கையிலதானே இருக்கு? இருக்கட்டும். அது எவ்வளவு தூரம் போச்சு, பலகையில பாத்தீங்கதானே? கயிறு அறுந்தா போச்சு?" அடுத்த வலி வந்து அவள் பேச்சை வாங்கிக்கொண்டது. என் கையை, அந்தக் காப்புக் கையை, பிடித்து இறுக்கினாள்.

பலகையில் வெண்கட்டி போன தூரம் எனக்கு ஞாபகம் வந்தது. கயிறு விறைத்துக்கொண்டே போய், விறைத்துக்கொண்டே திரும்பி வந்தது. இதே கயிறுதான். கல்லைப் பார்த்துக் கும்பிட்டேன். "அவிழ்க்கல சாமி. கட்டோட போறேன், கட்டோட வந்துருவேன்" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

"யமு", போவோம் என்று டிரைவருக்குச் சொன்னேன். பாலத்துப் பலகைகள் கடகடவென்று சத்தம் போட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் போனதும் திறந்தேன். வானம் இருட்டி, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. திரீவீல்காரர் போகாமல் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தார். இடி இடித்தது, ஒரு தரம் லைட் போய் வந்தது. மனைவி வீடியோவில் வந்தாள். எசமானி வீட்டுச் சமையலறையில் ஒளிந்து நின்றுகொண்டு பேசினாள்.

"பாத்தாளா? உண்மைய சொல்லுங்க. அத பாத்தாளா?"

"பாத்தா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"குடை புடிச்சேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே திட்டினாள். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அவளுக்குப் பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் மழை.

பெண் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறந்தது. நர்ஸ் வந்து சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "அழுதுச்சா?" என்று. "கொஞ்சமா" என்றார். சின்னது, நிறை போதாது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், இப்போதைக்கு ஒன்றும் சொல்லமுடியாது. அந்த இப்போதைக்கு என்ற வார்த்தையோடுதான் நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். அதற்குள் மருமகன் ஒரு வேனைப் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். அவரை அங்கே விட்டுவிட்டு நான் கிளம்பினேன். கட்டோடு வருவேன் என்று சொன்னவன் போகாமல் இருந்தால், பெட்டிக்குள் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம்.

கோயில் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பூசாரியைக் கூப்பிட்டேன். எல்லை தாண்டினதைச் சொன்னேன். பிள்ளை பிறந்த தீட்டு இருப்பதையும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் என் கையைத்தான் பார்த்தார்.

"நீயா அவுத்தியா?"

"இல்லண்ணே."

"வழியில அவுந்துச்சா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

அம்மன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதுசு. "அப்ப நீ தனியா போகல" என்றார் கடைசியில். "ஆனா உள்ள வராத. வெளியிலயே நில்லு."

திருவிழா முடிகிறவரைக்கும் வெளியிலேயே நின்றேன். கரகம் வந்தபோது எட்ட நின்று கும்பிட்டேன். காப்பு அவிழ்க்கிற அன்று எல்லாருக்கும் அவிழ்த்து முடித்துவிட்டு, கடைசியாக வாசலுக்கு வந்து எனக்கு அவிழ்த்தார். முடிச்சு மழையிலும் வேர்வையிலும் ஊறி இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தார், வெட்டவில்லை. அதை ஆற்றில் விட்டேன். கையில் மஞ்சள் வளையம் மட்டும் இருந்தது. பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கழுவினேன், போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் திரும்ப ஏறுமா என்று இருந்தது.

ஏறியது. வைகாசியில், டொக்டர் பிள்ளை பிறக்கும் என்று சொன்ன அந்த நாட்களில், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். திரீவீலில்தான். பலாங்கொடையிலிருந்து வழி முழுக்க மகள் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, மழையைப் பற்றி, டிரைவர் அம்மா கொடுத்தனுப்பின கொக்கிஸ் பலகாரத்தைப் பற்றி. நான் அவளுடைய துணிப் பையை மடியில் வைத்திருந்தேன். பாலத்தில் வண்டியை நிறுத்தி முனியாண்டிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். டிரைவரும் தன் பங்குக்கு ஒன்று உடைத்தார்.

அன்று பின்னேரம் மனைவி வீடியோவில் வந்தாள். பிள்ளையைக் காட்டினேன். யார் ஜாடை, மூக்கு யாருடையது என்று சண்டை போட்டு முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த வால்வெள்ளி போயிருச்சா?"

"போய்க்கிட்டு இருக்கு. இனி எழுபத்தொரு வருஷம். இவ கெழவியாகிப் பாப்பா."

"நல்லாப் போவட்டும். திரும்பிப் பாக்காம போவட்டும்."

"அது அப்படிப் போகாது" என்றேன். மகள் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி எடுத்துச் சொன்னேன். "நாம கோயில்ல இருந்து வர்ற மாதிரி. முகத்த இந்தப் பக்கம் வச்சுக்கிட்டே, பின்னாலயே நடந்து போகும்."

அவள் முகம் போனுக்குக் கிட்ட வந்தது.

"அப்ப பாத்துக்கிட்டேதான் போகுதா?"

"ஆமா."

"பொழுது சாஞ்சிருச்சுங்க. மொதல்ல போய் மேக்குப் பக்கத்துக் கதவ சாத்துங்க."

உள்ளே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைச் சாத்தினேன்.